கூட்டமாகக் கேட்கும் காதுகள்

ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட மனிதனைப் பற்றிய படம் என்றதும் சினிமா தெரிந்தவர்கள் முதலில் சொல்வது பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா எழுதி இயக்கிய 'தி கான்வர்சேஷன்'. 1974-ல் வெளியாகி, அந்த ஆண்டே கான் விழாவின் முதல் பரிசைப் பெற்றது. படம் வந்த நான்கு மாதத்தில், ஒலிநாடாக்கள் முற்றவைத்த வாட்டர்கேட் விவகாரத்தால் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதனால் கண்காணிப்பு அரசியலுக்கான படம் என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. நாயகன் ஹாரி கால் என்பவனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: பிறரை வேவு பார்த்துப் பார்த்து மனிதத் தொடர்பை இழந்தவன், தனிமையே அவனைத் தின்றுவிட்டது என்று. இதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. ஹாரியின் தனிமை அவன் நோய்தான். ஆனால் தான் கேட்டதைச் சந்தேகிக்கும் வாய்ப்பையும் அதுதான் அவனுக்குக் கொடுத்தது. தனியாக வேவு பார்ப்பவனைவிட ஆபத்தானவர்கள் கூட்டமாக வேவு பார்ப்பவர்கள். இதற்குச் சான்று தேட சான்பிரான்சிஸ்கோவரை போக வேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு போதும்.

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். சான்பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில், மதிய நேர நெரிசலுக்கு நடுவே ஓர் இளம்பெண்ணும் ஓர் இளைஞனும் சுற்றிச் சுற்றி நடந்தபடி பேசுகிறார்கள். அந்தப் பேச்சைப் பல திசைகளிலிருந்து மைக் வைத்துப் பதிவு செய்கிறது ஹாரியின் குழு. வேலை கொடுத்தவர் ஒரு பெரிய நிறுவனத்தின் இயக்குநர். கூலி 15,000 டாலர். ஜீன் ஹேக்மன் நடித்த ஹாரி இந்தத் தொழிலில் நாடறிந்த வல்லுநர். ஆனால் அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. ஓடும் இசைத்தட்டோடு சேர்ந்து சாக்ஸபோன் வாசிப்பதுதான் அவன் பொழுதுபோக்கு. பிறந்தநாளுக்கு வீட்டுக்கார அம்மாள் பூட்டிய அறைக்குள் பரிசு வைத்துவிட்டுப் போனால், மகிழ்வதை விட்டுவிட்டு, எப்படி உள்ளே வந்தாள் என்று விசாரிக்கிறான். முன்பு நியூயார்க்கில் அவன் செய்த ஒரு பதிவால் ஒரு குடும்பமே கொல்லப்பட்டிருக்கிறது. பதிவு செய்வது மட்டும் என் வேலை, அதை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்பது என் பாடில்லை என்று சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறவன், பாவமன்னிப்புக் கூண்டில் மண்டியிடவும் செய்கிறான்.

சதுக்கத்துப் பேச்சில் ஒரு வாக்கியம், வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான் என்னும் பொருளில் வருகிறது. இரைச்சலை வடிகட்டி அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஹாரி, அந்த ஜோடிக்கு ஆபத்து என்று முடிவு கட்டுகிறான். கடைசியில் செத்துக் கிடப்பது இயக்குநர். கொலையாளிகள் என்று தெரிய வருவது அந்த ஜோடி. அவர்கள் சொன்னது பயத்தை அல்ல. அவன் கொல்லத் துணிவான் என்றால் நாம் ஏன் முந்திக்கொள்ளக் கூடாது என்ற நியாயத்தை. ஒலியமைப்பாளர் வால்டர் மர்ச், அந்த வாக்கியம் கடைசியாக ஒலிக்கும்போது, அழுத்தம் வேறு சொல்லில் விழும் இன்னொரு பதிவை வைத்தார். சொற்கள் மாறவில்லை, பொருள் தலைகீழானது. ஹாரியின் கருவி எதையும் தவறவிடவில்லை. தவறிப்போனது, முன்பு ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற முடியாதவனின் குற்ற உணர்வோடு அவன் கேட்டதில்.

துணைப் பாத்திரங்கள் ஒவ்வொருவரும் இந்தத் தனிமையை ஒரு பக்கமிருந்து தட்டிப் பார்க்கிறார்கள். உதவியாளன் ஸ்டான், அந்த ஜோடி என்னதான் பேசுகிறது என்று சும்மா கேட்டுவிட்டு வசை வாங்குகிறான். பிறகு போட்டியாளன் பெர்னி மோரனிடம் போய்ச் சேர்கிறான். ஜான் கஸால் நடித்த இந்த ஸ்டானை வெறும் ஒத்தாசைப் பாத்திரமாகக் கடந்துபோவது பிழை. படத்தில் இயல்பான ஆர்வம் உள்ளவன் அவன் ஒருவன்தான். அந்தக் கேள்வியை ஹாரி அன்றே காதில் போட்டுக்கொண்டிருந்தால், தன் ஊகத்தை இன்னொருவரிடம் உரசிப் பார்த்திருப்பான். மோரன் ஒரு பேனாவில் மைக்கை ஒளித்து, ஹாரியின் அந்தரங்கப் பேச்சையே பதிவு செய்து, நண்பர்கள் முன்னால் ஓட விட்டுச் சிரிக்கிறான். ஏமி ஹாரியின் காதலி. கேள்வி கேட்டதாலேயே அவனை இழக்கிறாள். மெரடித் ஓர் இரவு அன்பாக இருந்து, விடியும்போது ஒலிநாடாக்களோடு மறைந்துவிடுகிறாள். இளம் ஹாரிசன் ஃபோர்டு நடித்த மார்ட்டின் ஸ்டெட், இயக்குநரின் உதவியாளன், குரலை உயர்த்தாமலே மிரட்டுகிறான். ஹாரிக்கு நம்பத் தகுந்த ஒரு ஆளும் இல்லை. அதே நேரம், நீ கேட்டது சரிதான், போய் முடித்துவிடு என்று முதுகில் தட்டும் கூட்டமும் இல்லை. அவன் குழம்புகிறான், நாடாக்களைக் கொடுக்க மறுக்கிறான், எச்சரிக்க முயல்கிறான். சந்தேகத்துக்கு இடம் இருந்தது.

இப்போது திருச்செங்கோடு. இங்கும் பொது இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் நடந்துபோனார்கள். 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த பெண்ணுடன் அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போனார். அவர் பட்டியல் சமூகம்; அந்தப் பெண் கவுண்டர் சமூகம். தீரன் சின்னமலை கவுண்டர் பேரவை என்ற அமைப்பின் நிறுவனர் யுவராஜும் அவர் ஆட்களும் இருவரையும் மடக்கி, பெண்ணை அனுப்பிவிட்டு, கோகுல்ராஜைக் காரில் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. தற்கொலைக் கடிதம் ஒன்று இருந்தது. தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவர் பேசும் வீடியோவும் இருந்தது. இரண்டும் மிரட்டி வாங்கப்பட்டவை என்பது அரசுத் தரப்பு வழக்கு. இது கொலை என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன.

ஹாரியின் கதையில் மிஞ்சியிருப்பது ஒரு பதிவு, அதைச் சுற்றி ஒரு சந்தேகம். இங்கே சந்தேகமே இல்லை. இருவர் சேர்ந்து நடக்கும் காட்சிக்கு என்ன பொருள் என்பது பார்ப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. பிறகு அந்தப் பொருளுக்கு ஏற்ற பதிவையும் அவர்களே தயாரித்தார்கள். கடிதம், வீடியோ இரண்டும் கேட்டறிய எடுத்தவை அல்ல, பிறரைக் கேட்க வைக்க எடுத்தவை. தலைமறைவாக இருந்தபடியே யுவராஜ் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளைப் பரப்பினார். தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். வழக்கை முதலில் விசாரித்துவந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பரில் உயிரிழந்தார். அக்டோபர் 11 அன்று நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் யுவராஜ் சரணடைய வந்தபோது ஆதரவாளர்கள் திரண்டு நின்றார்கள். ஹாரி தன் பதிவை யாருக்கும் தெரியாமல் தொழிற்கூடத்தில் பூட்டி வைத்துக் கேட்டான். இவர்களுடைய குரல் கைப்பேசி கைப்பேசியாகப் போய்ச் சேர்ந்தது. கேட்டவர்களில் ஒருவராவது இது உண்மைதானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டிருக்கலாம். கூட்டத்தில் அப்படிக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். இதே ஊரில் அந்தக் கொலைக்கு ஆறு மாதம் முன்னால் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் நகலெடுத்து விநியோகிக்கப்பட்டன. முழுப் புத்தகத்தையும் படிக்காதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். முன்பின் வெட்டிய துண்டைத் தனியாளாக வைத்துக்கொண்டு கேட்ட ஹாரி ஏமாந்தான். ஊராக வைத்துக்கொண்டு படித்தவர்களுக்கு ஏமாந்தது தெரியவே இல்லை.

ஹாரியின் சந்தேகத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கத்து ஓட்டல் அறையில் கொலை நடக்கும் சத்தம் கேட்கும்போது அவன் காதைப் பொத்திக்கொண்டு ஒடுங்கிவிடுகிறான்; இயக்குநரைக் காப்பாற்றவில்லை, போலீசுக்கும் போகவில்லை. தனிமையை நான் புனிதமாக்கவில்லை. சந்தேகம் செயலாக மாறுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளை எல்லாம் ஹாரி ஏற்கெனவே விரட்டிவிட்டான். நான் சொல்ல வருவது இதைவிடச் சின்னது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று திரும்பக் கேட்கும் குணம் தனி ஆளிடம் பிழைத்திருக்கக் கூடும். ஒரே சாதி, ஒரே சங்கம், ஒரே வாட்ஸ்அப் குழு என்று கூடிய இடத்தில் அது பிழைப்பது அரிது.

இன்னொரு மறுப்பு வலுவானது. கோகுல்ராஜ் வழக்கில் நீதி கிடைக்கக் கோயில் கேமராதானே துணை நின்றது, பிறகு கண்காணிப்பைக் குறைசொல்வானேன் என்பது. கேமரா துணை நின்றது உண்மை. அன்று மலைக்கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் காட்டிய சிசிடிவி பதிவு வழக்கின் முக்கியச் சான்றுகளில் ஒன்று. ஆனால் அது தானாகப் பேசிவிடவில்லை. மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் வேண்டும். மூலக்கருவியையே நேரில் ஒப்படைக்காத வரை இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்தது. அதைவிடப் பெரிய சிக்கல் மனிதர்கள். உடன் சென்ற பெண் நாமக்கல் நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். மகனைப் பறிகொடுத்த தாய், விசாரணை அங்கே நியாயமாக நடக்காது என்று உயர் நீதிமன்றம் போய் வழக்கை மதுரைக்கு மாற்ற வைத்தார். அரசு வழக்கறிஞராகப் பவானி பா. மோகன் வந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது; யுவராஜுக்குச் சாகும்வரை சிறை. ஐந்து பேர் விடுதலையானார்கள்.

மேல்முறையீட்டில் நடந்தது, கொப்போலாவே எழுதத் தயங்கியிருக்கக் கூடிய காட்சி. 2022 நவம்பரில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு அந்தப் பெண்ணை மறுபடி அழைத்து, கோயில் பதிவை அவர் முன்னாலேயே ஓட விட்டது. அதில் இருப்பது நான் இல்லை என்றார் அவர். நீதிமன்றம் தானே முன்வந்து அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. அடுத்த ஜனவரியில் நீதிபதிகள் இருவரும் திருச்செங்கோடு கோயிலுக்கே வந்து, கேமரா பார்த்த இடங்களைத் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் தண்டனை உறுதியானது. படத்தில் ஹாரி ஒரே நாடாவை மீண்டும் மீண்டும் ஓடவிட்டுத் தன் பயத்தையே கேட்டான். இங்கே நீதிபதிகள் பதிவை விட்டு எழுந்து இடத்துக்குப் போனார்கள். பதிவை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை ஊகித்து அவர்மேல் கல்லெறிவது சுலபம். ஒரு சாட்சி எந்த ஊரில், யார் மத்தியில் வாழ வேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு எறியலாம்.

கற்பனைப் படத்தையும் சாதிக் கொலையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. ஹாரி கூலிக்கு வேலை செய்தான். இங்கே கூலி இல்லை, கௌரவம் என்று பெயர். அதனால்தான் இங்கே யாருக்கும் குற்ற உணர்வு வரவில்லை.

அரசு ஒட்டுக்கேட்பதற்காவது சட்டம் ஓரளவு கடிவாளம் போட்டிருக்கிறது. 1996-ல் பி.யூ.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு விதிமுறை வகுத்தது. 2017-ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை ஆனது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சாதாரணக் குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்காக ஒட்டுக்கேட்க அனுமதித்த உள்துறை உத்தரவு ஒன்றை ரத்து செய்தார். ஊர் ஒட்டுக்கேட்பதற்கு இப்படி உத்தரவும் கிடையாது, அதை ரத்து செய்ய நீதிமன்றமும் கிடையாது. பேருந்து நிறுத்தத்திலும் கல்லூரி வாசலிலும் யார் யாரோடு நின்றார்கள் என்று கவனித்து வீட்டுக்குத் தகவல் சொல்பவருக்கு அது வேவு என்றே தோன்றாது. அக்கறை என்றுதான் சொல்வார்.

கேமராவுக்குப் பின்னால் பேசத் துணியும் ஒரு மனிதர் இல்லாவிட்டால் அது வெறும் படம்தான் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுக்கச் செல்லும் என்று அறிவித்தது 2018 டிசம்பரில். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் தெருவில் கேமரா வைத்துத் திறப்பு விழா நடத்த வரும் மக்கள் பிரதிநிதியிடம், இந்த மாவட்டத்தில் எத்தனை சாட்சிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது என்று கேளுங்கள்.