கழிவுநீரில் மலரும் கல்வாழை

குடும்பங்களுக்கிடையே பகை மூளப் பெருங்காரணம் வேண்டுவதில்லை. ஒரு வீட்டு அடுக்களை நீர் அடுத்த வீட்டு வாசலில் தேங்கினால் போதும். ஒரே ஆலயத்தில் ஒரே திருப்பந்தியில் பங்குபெறும் இரு குடும்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமற் போய்விடுவர். இத்தகைய வழக்குகளைக் கேளாத பங்குத் தந்தையர் அரியர். தேங்கிய அந்நீரே யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குத் தொட்டிலுமாகிறது. இதற்கு எளியதொரு மாற்றாக அமைவது கல்வாழை.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். 'கன்னா இண்டிகா' என்னும் தாவரப் பெயரைக் கண்டு இந்தியச் செடியென மயங்குதல் கூடாது. வாழையை ஒத்த அகன்ற இலைகளும், செம்மையும் மஞ்சளுமான மலர்களும் உடையது. நாம் இதழ்களென வியப்பவை உண்மையில் விரிந்து நிற்கும் மகரந்தக் கேசரங்களே. மண்ணுக்கடியில் இதன் கிழங்கு பல்லாண்டு வாழ்ந்து, ஈரம் உள்ளவரை கிளைத்துக்கொண்டே இருக்கும்.

நீர் வெளியேறும் இடத்தில், கிணற்றுக்கு அருகிலன்றி, 5 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி ஆழமுமாகக் குழி தோண்டுக. அடியில் 1 அடி உயரத்திற்குச் செங்கல் உடைசலும் சரளைக் கல்லும் இட்டு, மேலே மணலும் தொழுவுரமும் கலந்த மண்ணை நிரப்புக. நீர் விழும் முனையில் மட்டும் கற்கள் மேல்வரை இருக்கட்டும். சோற்றுப் பருக்கை புகாதவாறு அங்கே ஒரு வலையும் வேண்டும். நீர் மேலே தேங்காமல் கற்களினூடே இறங்க வேண்டும். தேங்குமாயின் கொசு ஒழியாது. கழிப்பறை நீரை இதில் விடலாகாது.

இரண்டு மூன்று முளைகள் உள்ள கிழங்குகளை ஒன்றரை அடி இடைவெளியில், நான்கு விரல் ஆழத்தில் நடுக. நல்ல வெயில் இன்றியமையாதது. பூத்து முடிந்த தண்டு மீண்டும் பூப்பதில்லை. அதனை அடியோடு அறுத்துவிட்டால் புதுத்தண்டு எழும். இலையைச் சுருட்டும் புழுவைக் கண்டால், அவ்விலையைக் கிள்ளி அழித்துவிடுக. கொய்த மலர் விரைவில் வாடிவிடுமாதலால் பீடத்திற்கு ஏற்றதன்று. ஆயினும் இச்செடி வேறொரு வழியில் வழிபாட்டிற்கு உதவுகிறது. இதன் உருண்டையான கரிய விதைகளைத் துளையிட்டுச் செபமாலை கோக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சிறிய செம்மலர் பூக்கும் பழைய வகையே விதை மிகுதியாகத் தரும். அருள் நிறைந்த மந்திரத்திற்கு 53, கர்த்தர் கற்பித்த செபத்திற்கு 6 என 59 விதைகள் இருந்தால், நம் வீட்டுச் செடியிலிருந்தே ஒரு செபமாலை ஆயிற்று.

அவ்விதையின் ஓடு மிகக் கடினமானது. அர்ஜென்டினா நாட்டில் பழங்கல்லறை ஒன்றில் கிடைத்த கழுத்தணியினுள் இருந்த கல்வாழை விதை முளைத்தது. அதன் வயது ஏறத்தாழ 600 ஆண்டுகள் என 1971இல் அறிவியலார் அறிவித்தனர். அத்தனை காலமும் உள்ளே உயிர் இருந்தது, ஓடுதான் திறக்கவில்லை. இன்றும் விதையிலிருந்து செடி வளர்க்க விரும்புவோர், உள்ளிருக்கும் வெண்மை தெரியும்வரை அதைக் கல்லில் உரசி, ஒரு நாள் நீரில் ஊறவைத்தே விதைக்க வேண்டும்.

உள்ளத்தில் அன்பு இருந்தும், முதலில் பேசுவது யார் என்னும் வீம்பால் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடக்கும் குடும்பங்களும் உள. இறைவனின் அருள் அந்த ஓட்டை உரசும்போது சற்று நோகத்தான் செய்யும். நோவுக்கு அஞ்சினால் முளை இல்லை.

மூன்றாண்டுகளில் கிழங்குகள் நெருங்கிக் குழியை நிறைத்துவிடும். அப்போது தோண்டிப் பிரித்தல் அவசியம். பாதியை மீண்டும் நடுங்கள். மறுபாதியை, எந்த வீட்டாரோடு பேச்சற்றுப் போயிற்றோ, அந்த வீட்டு வாசலுக்கு நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.