எஞ்சிய காலுக்கும் வயதாகிறது

2009இல் 35 வயதில் ஒரு காலை இழந்து முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியவருக்கு இப்போது 50 வயது கடந்துவிட்டது. தொண்ணூறுகளில் மிதிவெடியில் சிக்கியவர்களில் பலர் 60ஐ நெருங்குகிறார்கள். இவர்களைப் பற்றி நாம் பேசியதெல்லாம் இல்லாமல்போன காலைப் பற்றித்தான். மிஞ்சியிருக்கும் கால் என்ன பாடுபடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

சிகிச்சைக்காக வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளில் தங்குபவர்களிடம் இதை நான் அடிக்கடி கேட்கிறேன். லிஃப்ட் இல்லாத தொடர்மாடியில் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும்போது, பொய்க்கால் அல்ல, நல்ல கால்தான் தன்னை வதைக்கிறது என்றார் என் உறவினர் ஒருவர். கிளினிக்கில் கிடைத்த பதில், வயது போனால் அப்படித்தான் என்பது. அது பாதி உண்மை மட்டுமே.

மூட்டு ஏன் தேய்கிறது?

என்புகள் சந்திக்கும் இடத்தை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கிறது. அது மெலிந்து, மூட்டு முழுவதும் பாதிக்கப்படுவதையே மூட்டுத் தேய்வு என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் உலகில் 528 மில்லியன் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதிகம் பாதிக்கப்படுவது முழங்கால். வயது, உடல் எடை, பழைய காயம் மூன்றும் இதற்குக் காரணமாகின்றன. செல் துண்டு பாய்ந்த முழங்காலும், சரியாகப் பொருந்தாத முறிவும் பல ஆண்டுகளுக்குப் பிறகு தேய்வாக வெளிப்படலாம். இரண்டு காலும் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு காலை இழந்தவருக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடியிலும் முழங்கால் உடல் எடையின் இரண்டு, மூன்று மடங்கைத் தாங்குகிறது. பொய்க்காலை முழுதாக நம்ப முடியாதவர், நல்ல காலிலேயே அதிக நேரம் நிற்கிறார். படி ஏறும்போது நல்ல கால்தான் முதலில் போய் உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது பொய்க்கால் முன்னே போக, பின்னே நிற்கும் நல்ல முழங்கால் மடிந்து முழு எடையையும் தாங்குகிறது. ஏறினாலும் இறங்கினாலும் சுமை ஒரே மூட்டுக்குத்தான். காலிழந்த அமெரிக்க முன்னாள் படையினரிடம் நடந்த ஆய்வுகளிலும், மிஞ்சிய காலின் முழங்காலில் நோவும் தேய்வும் அதிகம் எனத் தெரியவந்தது.

எந்த நோ, எதனால்?

காலையில் மூட்டு இறுகி, அரை மணி நேரத்துக்குள் இளகினால் பெரும்பாலும் தேய்வுதான். அதற்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிக்கால் குத்தினால், அது பெரும்பாலும் உள்ளங்காலின் தசைநார்ப் பட்டையில் வரும் நோ. பெருவிரலின் அடியில் உள்ள மூட்டும் தேயும். நீரிழிவு உள்ளவருக்குப் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால், நோ இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும். அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பாதம்தான்.

முதலில் பொய்க்காலைப் பாருங்கள்

ஜெய்ப்பூர் கால் 1968இல் இந்தியாவில் உருவானது. குந்தியிருக்கவும் வயலில் நடக்கவும் ஏற்றது என்பதால் நம்மவர்களுக்குப் பொருந்தியது. கொழும்பில் 1985இலும் யாழ்ப்பாணத்தில் 1987இலும் இதைப் பொருத்தும் பணி தொடங்கியது. ஆனால் ஒருமுறை பொருத்தினால் ஆயுள் முழுதும் போதும் என்பதில்லை. வெட்டுப்பட்ட காலின் தசை சுருங்கச் சுருங்க, பொய்க்காலின் கிண்ணம் தளர்ந்துவிடும். பலர் மேலதிகமாகக் காலுறை போட்டுச் சமாளிக்கிறார்கள். தளர்ந்த, நீளம் சரியில்லாத, வெடித்த பொய்க்கால் எல்லாச் சுமையையும் நல்ல காலுக்குத் தள்ளிவிடும்.

அடுத்தது தொடைத்தசை. கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டி, 5 முதல் 10 வினாடி வரை பிடித்து இறக்குங்கள். நாளுக்கு 10 தடவை செய்து, மெல்லக் கூட்டலாம். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ சுமை குறையும். ஊன்றுகோலை நோகும் முழங்காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், அதாவது பொய்க்கால் பக்கம் பிடிக்க வேண்டும்.

பாமசியில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். முழங்காலுக்கு அதே மருந்தின் பூச்சு பாதுகாப்பானது; குளிசை வேண்டுமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பொய்க்காலோடு நடந்து காட்டுங்கள். இரண்டு காலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.