“இவர் எங்க ஆளே இல்லை!” முதலாளி கைவிரித்தால் தொழிலாளர் நீதிமன்றம் உண்மையை எப்படிக் கண்டுபிடிக்கும்?

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்துக்குப் பீங்கான் நகரம் என்றொரு பெயர் உண்டு. இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் மின்சார ஃபியூஸ் கேரியர் முதல் கொலு பொம்மை வரை தயாராகின்றன. அச்சில் வார்ப்பது, பிசிறு சீவுவது, வண்ணம் பூசுவது, சூளையில் அடுக்குவது என எல்லாமே கைவேலை. இதுபோன்ற சிறு பட்டறைகளில், அது எந்த ஊராக இருந்தாலும், பணி நியமனக் கடிதம் கைக்கு வருவது அபூர்வம். வாய்ச்சொல்தான் ஒப்பந்தம், பீஸ் கணக்குதான் கூலி.

‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லும் நாளில்தான் சிக்கலே ஆரம்பிக்கும். “பத்து வருஷமா வேலை பார்த்தேன், திடீர்னு நிறுத்திட்டாங்க” என்பார் தொழிலாளி. “எப்பவாவது வந்து பீஸ் கணக்குல செஞ்சு கொடுத்துட்டுப் போவார். எங்க ஆளே இல்லை” என்பார் உரிமையாளர். இதில் எது உண்மை?

முதலில் சமரசம்

தொழிலாளி முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். அவர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். ஆனால், யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. மனு கொடுத்து 45 நாள்களில் தீர்வு வராவிட்டால், தொழிலாளி நேரடியாக வழக்கு தொடரலாம். கடலூரிலேயே தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது.

இதற்குக் காலக்கெடு உண்டு. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் மூன்று ஆண்டுகள் கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது இரண்டு ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது.

கூண்டில் ஏறும் உண்மை

தொழிலாளியின் கோரிக்கை மனு, நிர்வாகத்தின் பதிலுரை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே முரண்படுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அவர் அங்கே தொழிலாளியா? நிறுத்தப்பட்டதற்கு முந்தைய 12 மாதங்களில் 240 நாள்கள் வேலை செய்தாரா? நிறுத்தினார்களா, தானாக நின்றாரா? இவைதான் பெரும்பாலும் வழக்கின் முடிச்சுகள்.

240 நாள் கணக்கு முக்கியமானது. அது நிரூபணமானால், ஆட்குறைப்பு செய்வதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் வீதம் இழப்பீடும் தர வேண்டும். சம்பளத்துடன் கூடிய வார விடுமுறையும் இந்த 240-ல் சேரும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து சாட்சியம். தொழிலாளி பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து கூண்டில் ஏறுவார். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். பிறகு நிர்வாகத் தரப்பின் முறை.

நிரூபிக்க வேண்டியது யார்?

240 நாள் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளிக்குத்தான். வெறும் வாக்குமூலம் மட்டும் போதாது என்று 2002-ல் ஹாதிமனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனால் வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் நிர்வாகத்தின் பீரோவில் அல்லவா இருக்கின்றன? 2005-ல் எல்லாட்டி வழக்கில் இதற்கு விடை கிடைத்தது. தினக்கூலிகளிடம் நியமன உத்தரவோ சம்பளச் சீட்டோ இருக்காது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தொழிலாளி கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன பிறகு, அந்தப் பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதிவேடு வரவில்லை என்பதாலேயே தொழிலாளி ஜெயித்துவிட முடியாது. எந்தக் காலத்துக்கான எந்தப் பதிவேடு வேண்டும் என்று மனு போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டும் மறைத்தால்தான், அது நிர்வாகத்துக்கு எதிராகத் திரும்பும்.

பீஸ் கணக்கு என்றால் உரிமை இல்லையா?

அப்படி இல்லை. உப்பளத்தில் விளைந்த உப்பின் அளவுக்குக் கூலி வாங்கியவர்களும் தொழிலாளர்களே என்ற தீர்ப்பாயத்தின் முடிவை 1956-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1973-ல், பீஸ் கணக்கில் தைத்த தையல்காரர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. இயந்திரம் கடைக்காரருடையது, தையல் சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருக்கே என்பதை நீதிமன்றம் கவனித்தது. பீங்கான் பட்டறையிலும் இதே கேள்விகள்தான். அச்சு யாருடையது? சூளை யாருடையது? உடைந்த பொம்மையை ‘இது வேண்டாம்’ என்று ஒதுக்குவது யார்?

கோட்டை விட்டால் மீட்பது கடினம்

தோற்றால் உயர் நீதிமன்றம் போகலாம்தான். ஆனால், அங்கே சாட்சிகளை மறுபடி விசாரிக்க மாட்டார்கள். ஆதாரமே இல்லாத முடிவு, சட்டப் பிழை போன்றவை இருந்தால்தான் பொதுவாகத் தலையிடுவார்கள். எனவே, உண்மை முடிவாகும் இடம் முதல் நீதிமன்றம்தான்.

இன்றே சேர்த்து வைக்க வேண்டியவை:

* பி.எஃப், இ.எஸ்.ஐ விவரங்கள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் பதிவு.
* வேலை சம்பந்தமான வாட்ஸ்அப் செய்திகள். போன் மாற்றினாலும் அழிக்க வேண்டாம்.
* தேதி, செய்த பீஸ் எண்ணிக்கை, வாங்கிய கூலி எழுதிய நோட்டு.
* உடன் வேலை பார்த்தவர்களில் சாட்சி சொல்லக்கூடியவர்கள்.
* நிறுத்தப்பட்டால், ‘வேலைக்கு வரத் தயார்’ என்று உடனே ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம். ‘தானாக நின்றுவிட்டார்’ என்ற வாதத்துக்கு இதுவே பதில்.

புதிய சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை. முறையாகக் கொடுத்து, பதிவேட்டையும் பராமரிக்கும் உரிமையாளருக்கும் நாளை பொய் வழக்கு வந்தால் அதுவே கவசம்.