யவனர் பெரும்போஞ்சி

யவனர் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சம் முல்லைப்பாட்டின் பாசறைக்கும், புறநானூற்று 56 ஆம் பாட்டில் நக்கீரர் கூறும் தேறலுக்கும் விரையும். சங்கச் சான்றோர் யவனர் எனக் குறித்தவருள் கிரேக்கரும் அடங்குவர். இற்றைக் கிரேக்கர் விரும்பி உண்ணும் 'கிகாந்தெஸ் பிளாக்கி' என்னும் உணவு, சென்ற விடுமுறையில் வெள்ளவத்தையில் எம் இல்லத்து அடுப்பிலும் ஏறியது. கிகாந்தெஸ் என்பது அவர் பழங்கதைகளில் வரும் பூதர்களின் பெயர். வித்தின் பருமை நோக்கி அப்பெயரிட்டனர். வட கிரேக்கத்தில் பிரெஸ்பா ஏரிப் பக்கத்து விளைவது பெயர் பெற்றது.

பெரிய வெள்ளை வித்துகளை ஓர் இரவு நீரில் ஊறவிட்டு, அந்நீரைக் கொட்டிவிடல் வேண்டும். புதுநீரில் பத்து நிமிடமேனும் தளதளவெனக் கொதிக்கவிடுதல் இன்றியமையாதது. வேகாத வித்தில் வாந்தி விளைக்கும் நச்சுப் பொருள் உண்டு. இளஞ்சூட்டில் அது அழியாது. பின்னர்ச் சிறு தீயில் குழையாது மெத்தென வேகவிட்டு, ஒலிவ எண்ணெயில் வதக்கிய வெங்காயம், உள்ளி, தக்காளி சேர்த்துப் போறணையில் ஒரு மணி நேரம் வைப்பர். போறணை இல்லாதார் அடிகனத்த சட்டியை மூடி, தணலிற் போல மெல்ல வற்றவிடலாம். ஒலிவ எண்ணெய்க்கு ஈடாக நல்லெண்ணெய் வார்க்கலாம் என்பாரும் உளர். அதன் மணம் ஏனைய சுவையை விழுங்கிவிடும் என்பது என் துணிபு.

தக்காளியை முன்னரே இட்டால் வித்து எளிதில் மெதுவாகாது. புளிப்பு அதனைத் தடுக்கும். பருப்பு வெந்த பின்னரே புளி கரைத்து விடும் நம் இல்லத்தரசியர்க்கு இது புதிதன்று.

இனி, பெயரைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். மாணவன் ஒருவன் கட்டுரையில் 'போஞ்சி' என எழுதியதை ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையால் வெட்டி, 'அவரை' எனத் திருத்தியிருந்தார். போஞ்சி ஒல்லாந்தச் சொல்வழி வந்ததென்பது மெய்யே. ஒல்லாந்தர் 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்டனர். ஆனால் குறுந்தொகையில் வரும் அவரை வேறு செடி. போஞ்சியோ அமெரிக்க நிலத்தது; 1492 இல் கொலம்பசு அங்குச் சென்றதன் பின்னரே பிறநாடு கண்டது. யவனர் தேறல் கொணர்ந்த நாளில் அவர் நாட்டிலும் இவ்வித்து இல்லை, தக்காளியும் இல்லை. புதுப்பொருள் தன் பெயரோடு வருமாயின் அதனை ஏற்றலே முறை. பழம்பெயரை அதன்மேல் ஏற்றினால் சங்கப் பாட்டுப் பயிலும் மாணவன் அவரைப் பந்தரில் போஞ்சியைத் தேடுவான். பாணையும் போறணையையும் போர்த்துக்கேயரிடம் பெற்று வழங்கும் நமக்குப் போஞ்சி மட்டும் கசப்பானேன்? கொட்டாஞ்சேனைச் சந்தையில் தமிழரும் சிங்களரும் ஒருங்கே அச்சொல்லால்தான் கேட்டு வாங்குகின்றனர்.

கிரேக்கர் வித்தும் நம் போஞ்சியும் ஒரே பேரினத்தன. ஆதலின் இவ்வுணவைப் பெரும்போஞ்சி என்றே எம் வீட்டில் வழங்குகின்றோம். ஆறிய பின்னரே இதன் சுவை கூடும். மறுநாட் காலையில் பாணுடன் உண்பது இன்னும் நன்று.