சுழன்றும் உயிர்பெறாத இன்ஜின்

"செல்ஃப் எடுக்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை" என்று முறையிட்டுக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர், தம்மை அறியாமலே, நோயில் பாதியை நிதானித்துச் சொல்லிவிடுகிறார். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைத் தாராளமாகச் சுழற்றுகிறது என்றால், பேட்டரியும் அதிலிருந்து வரும் கேபிளும் அந்த மோட்டாரும் பெரும்பாலும் குற்றமற்றவை என்பது அந்த ஒரு வாக்கியத்தாலேயே ஏற்பட்டுவிடுகிறது. சுழலும் யந்திரத்துக்குள் நெருப்பு ஏன் பற்றவில்லை என்ற கேள்விதான் மிச்சம்.

இந்தக் கேள்விக்கும் பெங்களூரின் அடுகோடிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஓசூர் சாலையை ஒட்டி, கன்னடத்தோடு தமிழும் உருதுவும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அந்தப் பிரதேசத்தில்தான், ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1951-ல் தோன்றிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, 1953-ல் தன் உற்பத்தியைத் தொடங்கியது. 'மைக்கோ' என்ற சுருக்கப் பெயரால் மக்கள் வழங்கிய அந்தத் தொழிற்சாலை, 2008-ல் பாஷ் என்றே பெயர் மாறிய பிறகும், பழைய பெங்களூர்வாசிகளின் வாயில் மைக்கோவாகவே நிற்கிறது. அதன் புகழுக்கு ஆதாரமான பொருள்கள் இரண்டு: பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக், டீசல் இன்ஜினுக்கு எரிபொருளைப் பீய்ச்சித் தரும் பம்ப். வண்டி பிடிக்காதபோது மெக்கானிக் விசாரிக்கும் சாட்சிகளில் பிரதானமானவையும் இவ்விரண்டுமே.

பெட்ரோல் இன்ஜின் உயிர்பெறுவதற்கு நான்கு அம்சங்கள் ஒன்றுகூட வேண்டும்: காற்று, அதனோடு தக்க அளவில் கலந்த எரிபொருள், அந்தக் கலவையை நெருக்கும் கம்ப்ரெஷன், நெருக்கம் உச்சத்தை அடையும் தறுவாயில் தோன்றும் பொறி. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பெங்களூரிலோ, காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சமவெளிக்கென்று திருத்திய கார்புரேட்டரோடு மேலே வந்த பழைய வண்டிகளில் பெட்ரோல் மிகுந்து, பிளக்கில் கரி படிவது இயல்பாக இருந்தது. இன்றைய வண்டியில் அந்த வித்தியாசத்தைச் சென்ஸார் அளந்து சொல்ல, கணினியே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது.

இனி விசாரணையின் கிரமத்தைப் பார்ப்போம். முதற் பரீட்சை செவிக்குரியது. ஆரோக்கியமான இன்ஜினை ஸ்டார்ட்டர் சுழற்றும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை நெருக்கி மீள்வதால், ஒலி ஏற்றமும் இறக்கமுமாகத் தாளத்தோடு கேட்கும். தாளம் அழிந்து, தடையேதுமின்றி விர்ரென்று வேகமாகச் சுழன்றால் கம்ப்ரெஷன் இல்லை என்று பொருள். டைமிங் பெல்ட் அறுந்ததோ என்று அஞ்ச வேண்டும். மேற்கொண்டு சுழற்றுவது வால்வுகளுக்கே ஆபத்தாகலாம். ஒலி சோர்ந்து இழுத்தால், சற்றுமுன் விடுதலை செய்த பேட்டரியைத் திரும்ப அழைக்க வேண்டும். சுழலும்போது மின்னழுத்தம் 9.5 வோல்ட்டுக்குக் கீழே போனால், மோட்டார் சுற்றினாலும் கணினியும் இக்னிஷன் காயிலும் தம் கடமையைச் செய்யத் தவறக்கூடும்.

இரண்டாவது, எரிபொருள். சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்ததும், பின் இருக்கையின் அடியிலிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் எழுவது பல வண்டிகளில் வழக்கம். அது டாங்கிலுள்ள பம்பின் குரல். அது கேட்காவிட்டால், பம்பைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் சில ரூபாய் விலையுள்ள ஃபியூஸையும், அதன் பின் ரிலேயையும் பார்ப்பதே விவேகம்.

மூன்றாவதாக, பிளக்கைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். சிறிது நேரம் சுழற்றிய பிறகும் அதன் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாசனை வீசினால், பெட்ரோல் வந்தும் பொறி வரவில்லை, அல்லது அளவுக்கு மீறி வந்த பெட்ரோல் பொறியை மூழ்கடித்துவிட்டது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அதன் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்காக, காயில் 12 வோல்ட் மின்சாரத்தை 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. 1902-ல் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனோல்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கிசைந்த பிளக்கையும் ஆக்கித் தந்ததிலிருந்து இந்தத் தத்துவம் நிலைபெற்றது. இவ்வளவு வலிய மின்சாரத்தைப் பெட்ரோல் ஆவியின் நடுவே வெறுங்கையால் சோதிப்பது தகாது. அதற்கென்றுள்ள ஸ்பார்க் டெஸ்ட்டரைக் கொண்டு பார்ப்பதே முறை.

பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்ற நிலையில்தான் தர்க்கத்தின் மேன்மை விளங்குகிறது. சம்பந்தமில்லாத இரண்டு உறுப்புகள் ஒரே காலையில் கெட்டுப்போவது அபூர்வம். ஆகையால் இரண்டுக்கும் உத்தரவிடும் பொதுக் காரணத்தையே நாட வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் சுழல்வதைக் கணினிக்கு அறிவிக்கும் சென்ஸார் மௌனமாகிவிட்டால், இன்ஜின் நிற்பதாகவே கருதும் கணினி, பொறியையும் தராது, எரிபொருளையும் தராது. சாவியை அடையாளம் காணாத இம்மொபிலைசரும் இவ்வாறே வழிமறிக்கலாம். டாஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மின்னினால் அதுவே அறிகுறி.

டீசல் இன்ஜினின் இயல்பு வேறு. அங்கே பொறியே கிடையாது. நெருக்கத்தால் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உஷ்ணமேறிய காற்றில், பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பம்பின் பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. தலைமுடியின் பருமனில் அது மிகச் சிறிய பின்னம். டாங்க் காலியாகி 'ஏர் பிடித்துக்கொண்ட' பழைய வண்டியில், ஃபில்ட்டரின் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்தி, நுரை நீங்கித் தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினால் போதும். ஆயிரம் பாரைக் கடந்த அழுத்தத்தில் இயங்கும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினிலோ, உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்துவது உயிருக்கே அபாயம்.

எந்த வண்டியானாலும், ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு தர வேண்டும். தெருவெள்ளத்தில் நின்ற வண்டியைச் சுழற்றவே கூடாது, ஏனெனில் நெருங்க மறுக்கும் நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அனுமானத்தின் பேரில் மூன்று உறுப்புகளை ஒருங்கே மாற்றியபின் வண்டி பிடித்துவிட்டாலும், எது கெட்டிருந்தது என்பது அறியப்படாமலே போகிறது. பணம் போனதைவிட இந்த அறியாமையே பெரிய நஷ்டம் என்பேன். அடுகோடியின் தொழிலாளர்கள் மைக்ரான் கணக்கில் இழைத்துத் தந்த பொருள்களுக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை, அவற்றைக் குப்பையில் எறியுமுன், அவை சொல்லும் சாட்சியத்தைப் பொறுமையோடு கேட்பதேயாகும்.