காண்டாமிருக வண்டுக்கு ஒரு கிருமி

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று, 5 ஏக்கர் தென்னந்தோப்புக்குத் திரும்பியவன் நான். ரசாயனம் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் முதல் வேலையாகப் பெரிய எருக்குழி வெட்டினேன். மூன்றாம் வருடம் 40 இளங்கன்றுகளில் 11 குருத்து போய்ச் செத்தன. மற்றதில் விரிந்த மட்டையெல்லாம் கத்தரிக்கோலால் விசிறி வெட்டினாற்போல் இருந்தது. தோப்பில் வேலை பார்க்கும் பெரியவர் எருக்குழியை மம்பட்டியால் கிளறிக் காட்டினார். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள். "எருவா போடுறீங்க சார்? வண்டுப் பண்ணையில்ல நடத்துறீங்க" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் குருத்தில் குருணை மருந்து வைக்கச் சொன்னார். கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அப்போதுதான் ஒரு பயிற்சியில் இந்த வைரஸ் பற்றிக் கேள்விப்பட்டேன்.

வைரஸ் என்றாலே 2020-க்குப் பிறகு நமக்கு நடுக்கம்தான். ஆனால் இது இந்த வண்டினத்தோடு சரி. மனிதர், மாடு, தேனீ எதையும் தொடாது. ஐரோப்பாவில் ஆப்பிளைக் குடையும் புழுவுக்கு அதற்கே உரிய வைரஸைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். தென்னையில் கதை வேறு.

1909-ல் இலங்கையில் இருந்து போன ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டு சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னையை நம்பி வாழ்ந்த சனங்கள் ஆடிப்போனார்கள். 1963-ல் ஹூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மலேசியாவில் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார். 1967-ல் சமோவாவில் விட்டார்கள். சேதம் வெகுவாகக் குறைந்தது. பிறகு பிஜி, டோங்கா என்று பரவியது. நம் பக்கத்தில், காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980-களில் லட்சத்தீவின் மினிக்காயில் விட்டுப் பலன் கண்டார்கள்.

இந்த வைரஸ் வெயிலில் நிற்காது. அதனால் தெளிப்பதில்லை, வண்டின் வயிற்றில் ஏற்றி அனுப்புகிறோம். வைரஸ் கரைசலில் நல்ல வண்டுகளை ஊர விட்டு, சில நாள் வைத்திருந்து, பொழுது சாயும் நேரம் தோப்பில் விட வேண்டும். ஹெக்டேருக்கு 15 வண்டு. வண்டு உடனே சாகாது, அதுதான் நமக்கு லாபம். தீனி குறையும், முட்டை குறையும்; ஆனால் பறக்கும். போகிற குருத்திலும் எருக்குழியிலும் கழிவோடு வைரஸைப் போட்டுவிட்டுப் போகும். இணை சேரும்போதும் ஒட்டும். குழியில் அதைத் தின்ற புழு சில வாரத்தில் செத்துவிடும். போட்ட முதல் தானே வட்டி போடுகிறது என்று என் பழைய பாஷையில் சொல்லலாம்!

30 வண்டு விட்டேன். ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் கேலி வேறு. எட்டாம் மாதம் குழியில் கண்ணாடி மாதிரி உப்பிய புழுக்கள் கிடைத்தன. கொக்கியில் பிடித்த வண்டுகளைக் கீறிப் பார்த்தேன். நல்ல வண்டின் குடல் பழுப்பாக, மெலிந்து இருக்கும். நோய் கண்டதன் குடல் பால் வெள்ளையாக வீங்கியிருக்கும். 9 வண்டில் 4 அப்படி இருந்தன. அடுத்த வருடம் போனது இரண்டே கன்று.

எல்லாம் வைரஸ் செய்ததென்று சொல்ல மாட்டேன். குழியை அடிக்கடி கிளறிப் புழு பொறுக்கினோம். மெட்டாரைசியம் பச்சைப் பூஞ்சாணம் ஊற்றினோம். மக்கும் மரத்துண்டுகளை அப்புறப்படுத்தினோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் வைத்தோம். ஒன்று கவனியுங்கள்: வண்டு விட்ட கையோடு இனக்கவர்ச்சிப் பொறி மாட்டாதீர்கள். நாம் அனுப்பிய தபால்காரனை நாமே பிடித்த கதையாகிவிடும்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். 2007-ல் குவாம் தீவில் தெரியவந்த ஒரு வகை வண்டு இந்த வைரஸுக்கு அவ்வளவாக மசிவதில்லை. அந்த வகை ஹவாய், சாலமன் தீவுகள் வரை போய்விட்டது. அங்கே வேறு வைரஸ் ரகம் தேடுகிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் குருணைதான் வைக்கிறார். அவர் குழியில் பிறக்கும் வண்டுக்கு என் வேலி தெரியாது. போன வாரம் வந்து, "நமக்கும் நாலு நோய் வண்டு கொடுங்க சார்" என்றார். மழைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.