படியெடுத்தலும் மீட்டலும்

பனையோலை என்றும் நிலைக்கும் பொருளன்று. கறையானும் ஈரமும் நெருப்பும் அதற்குப் பகை. ஆதலின் நம் முன்னோர், ஓர் ஏடு சிதைவதற்கு முன்னரே அதனை மற்றோர் ஏட்டிற் பெயர்த்தெழுதி வைத்தனர். அங்ஙனம் எழுதப்பெற்ற நூல்கள் இன்று நம் கையில் உள்ளன. எழுதப்பெறாதவற்றுட் பல, உரையாசிரியர் வாக்கிற் பெயரளவாய் நின்றொழிந்தன. தமிழ் பயிலும் யாம், கணிப்பொறித் துறையினர்க்குரிய படியெடுப்பைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்ததற்கு இவ்வொற்றுமையே காரணம்.

இக்கால ஏடுகள் பெரும்பாலும் சேவையகங்களில் உறைகின்றன. சேவையகமாவது, பலரும் ஒருங்கே பயன்கொள்ளுமாறு இரவும் பகலும் இயங்கும் கணிப்பொறி. அதன் வட்டில், கோப்புகள் அடைவுகளாக வகுக்கப்பெற்று, ஒவ்வொன்றற்கும் உரியவர் யார், படிக்கத்தக்கார் யார், திருத்தத்தக்கார் யார் என்னும் குறிப்புகளுடன் ஒழுங்குற்றிருக்கும் அமைப்பைக் கோப்பு முறைமை என்பர். வட்டுப் பழுதுறலாம், கைதவறி ஒருவர் அழித்துவிடலாம், கள்வர் உட்புகுந்து கெடுக்கலாம். ஆகவே பிறிதோரிடத்தில் அதற்குப் படி ஒன்று வேண்டும்.

இப்பணியை நாடோறும் ஒருவர் தம் கையாற் செய்வதாயின், மறதியும் சோர்வும் இடையே புகும். அதனாற் செய்யவேண்டிய கட்டளைகளை எல்லாம் முறைப்பட ஒரு கோப்பில் எழுதிவைப்பர். இதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். லினக்ஸ் சேவையகங்களில் கிரான் என்னும் நிரல், குறித்த நேரத்தில் அதனைத் தானே இயக்கும். கட்டளைகளுள் இரண்டு பெரிதும் வழங்குவன. டார் என்பது பல கோப்புகளை, அவற்றின் உரிமைக் குறிப்புகளோடு ஒரே பொதியாகக் கட்டுவது. 1979-ஆம் ஆண்டு யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வெளிவந்தது. காந்த நாடாக்களிற் சேமிப்பதற்கென ஆக்கப்பட்டது. ஆர்சிங்க் என்பது 1996-ஆம் ஆண்டு ஆண்ட்ரு டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் என்னும் இருவர் வெளியிட்டது. முன்னர் அனுப்பிய கோப்பில் மாறிய பகுதிகளை மாத்திரம் வலைவழியே அனுப்ப வல்லது.

படியும் இருவகைப்படும். அனைத்தையும் எடுப்பது முழுப்படி. முன்னைப் படிக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது ஏறுபடி. வாரம் ஒருமுறை முழுப்படியும், ஏனை நாட்களில் ஏறுபடியும் எடுப்பின், இடமும் நேரமும் மிஞ்சும். மீட்கும்போது முதலில் முழுப்படியையும், பின்னர் ஏறுபடிகளை நாள்வரிசை பிறழாமலும் விரித்தல் வேண்டும். இடையில் ஒன்று கெடினும் அதன் பின்னுள்ளவை ஐயத்திற்கிடமாம். இனி, மூலத்தின் நிழல்போல உடனுக்குடன் மாறிவரும் இணைவட்டைப் படியென்று மயங்குவாரும் உளர். மூலத்தில் அழிந்தது அந்நொடியே நிழலிலும் அழியுமாதலின், அது வட்டுப் பழுதுக்குக் காப்பாகுமேயன்றிக் கைத்தவற்றுக்குக் காப்பாகாது.

இத்துணை ஏற்பாடும் இருந்தால் அச்சமில்லை எனக் கருதுவோர்க்கு, 2017-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் கிட்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுதல் தகும். நள்ளிரவை நெருங்கிய வேளையிற் பழுதொன்றைச் சீர்செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சேவையகம் என்று எண்ணித் தலைமைச் சேவையகத்தின் தரவுத்தள அடைவை அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. படிகளைத் தேடினர். நாள்தோறும் படியெடுக்கவேண்டிய கருவி, தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாத பழம்பதிப்பாயிருந்தமையால் ஒன்றும் எடுத்திலது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, பெறும் இடத்தில் மறுக்கப்பட்டமையால் ஒருவர் கண்ணிலும் பட்டில. வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாய் எடுத்துவைத்த படியே அவர்களைக் காத்தது. எனினும் இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. அந்நிறுவனம் தன் பிழையை மறையாது உலகறிய எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது.

இஃது எங்கோ நிகழ்ந்ததென்று யாமும் எண்ணியிருந்தோம். நண்பர் சிலருடன் கூடிப் பழஞ்சொற்களின் அட்டவணையொன்றைக் கணிப்பொறியில் தொகுத்து வருகின்றோம். இரவுதோறும் ஸ்கிரிப்ட் இயங்கி, 'முடிந்தது' என்று எழுதும். யாமும் மகிழ்ந்து துயில்வோம். விடுமுறைக்குப் பின் ஒருநாள், அறிவியல் மாணவர் ஒருவர் வற்புறுத்த, அப்பொதியை வேறொரு கணிப்பொறியில் விரித்துப் பார்த்தோம். உள்ளே ஒன்றுமில்லை. அடைவின் பெயரை யாம் மாற்றிய நாள்முதல், ஸ்கிரிப்ட் வெற்றிடத்தையே பொதிந்து வந்திருந்தது! மூலம் கெடாதிருந்தமையால் யாம் பிழைத்தோம். எட்டுத் திங்கள் உழைப்பு ஒரு வட்டின் நலத்தையே நம்பி நின்றதை எண்ண இன்றும் நடுக்கம் எழுகின்றது.

ஆதலின் ஸ்கிரிப்ட் எழுதுவோர் நினைவிற்கொள்ள வேண்டியவை சில உள. ஒரு கட்டளை தவறினால் அடுத்ததற்குச் செல்லாது அங்கேயே நிற்குமாறு எழுதுக. படிவைக்கும் வட்டு உண்மையில் இணைந்துள்ளதா, எடுக்கும் அடைவு வெறுமையாயுள்ளதா என முதலில் வினவச் செய்க. பழைய படிகளை நீக்கும் கட்டளையைப் புதிய படி சோதிக்கப்பெற்ற பின்னரே வைக்க. தோல்வியை மட்டுமன்றி வெற்றியையும் அறிவிக்கச் செய்க. அறிவிப்பு வாராத நாளே ஐயுறத்தக்க நாள். மூன்று படிகள், இருவகைச் சேமிப்பு, ஒன்றேனும் வெளியிடத்தில் என்பது துறையினர் வழங்கும் நெறி.

இவை அனைத்தினும் தலையாயது மீட்டுப் பார்த்தல். திங்களுக்கொருமுறையேனும், மூலத்தின்மேல் அன்றி வெற்றிடமான வேறோர் இயந்திரத்தில் விரித்து, கோப்புகள் திறக்கின்றனவா, உரிமைக் குறிப்புகள் பிறழாதுள்ளனவா, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துவைத்தல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோரும், எழுதியதனை மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரன்றோ நம்பினர்? மீட்டுப் பாராத படி, படியென்னும் பெயரளவினதே. இதனைப் படிக்கும் அன்பர்கள், தம் ஆய்வேட்டின் படியை இன்றிரவே ஒருமுறை திறந்து பார்ப்பாராயின், யாம் எழுதியதன் பயன் அதுவே.